இரண்டாம் மாடிக்குப் போன ஆறடி மீன் தொட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், கணவரின் தாயார். எட்டு வருடம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள், சில தெருக்கள் தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீட்டைப் பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கினார்கள். தை மாதத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் ஆள் பேசியாயிற்று. மிச்சம் இருந்தது மீன் தொட்டி மட்டும்தான்.

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 12 மில்லிமீட்டர் கண்ணாடி. வண்ண மீன் தொழிலுக்குப் பேர்போன கொளத்தூரில் செய்து வாங்கியது. உள்ளே மூன்று ஆஸ்கர், ஒரு கூட்டம் சில்வர் டாலர், ஒரு பெரிய சக்கர் மீன். ஆஸ்கர்களை விரல் நீளக் குஞ்சுகளாக வாங்கியிருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றும் ஓர் அடி. மகள் தொட்டிப் பக்கம் வந்தால் மூன்றும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். விற்றுவிட்டுப் போகலாம் என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

சாமான் ஏற்றும் ஆட்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பத்து ஆள் போட்டா தூக்கிடலாம் சார்" என்றார்கள். வீட்டுக்காரருக்கு, அதாவது அந்தக் கணவருக்கு, அதில் சந்தேகம் இல்லை. மேலே கொண்டுபோய் வைத்த பிறகு தளம் தாங்குமா என்பதுதான் அவரை உறுத்தியது. நான் கட்டட வேலையில் இருப்பவன், வீட்டில் பெரிய தொட்டிகளும் வைத்திருப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். அவர் சரியான கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தார். தொட்டியை எப்படித் தூக்குவது என்பதை விட்டுவிட்டு, அது நிற்கப் போகிற இடத்தை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி வழியைத் தேடினோம்.

எடைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரைக் கிலோ. 12 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோ. இந்தத் தொட்டியின் ஐந்து கண்ணாடிகளும், மேலே ஓரமாக ஒட்டியிருக்கும் தாங்குபட்டிகளும் சேர்ந்து காலித் தொட்டி ஏறக்குறைய 130 கிலோ. விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் தண்ணீர் 560 கிலோ. மணலும் கல்லும் 70. இரும்பு ஸ்டாண்டு 75. மூடி, விளக்கு, தண்ணீரோடு இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா வடிகட்டி) எல்லாம் ஒரு 25. ஆக மொத்தம் 860 கிலோ.

இது நிற்கப் போவது 12 சதுர அடியில், அதாவது 1.1 சதுர மீட்டரில். சதுர மீட்டருக்கு 770 கிலோவுக்கு மேல். வீட்டு அறைகளின் தளம் தாங்க வேண்டியதாக, கட்டடப் பளுக்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இரண்டாம் பாகம் சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், சுமார் 200 கிலோ. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். வீட்டுக்காரரும் பயந்துதான் போனார்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஹால் 12 அடிக்கு 15 அடி. அதன் மொத்தப் பரப்புக்கு அந்த 200 கிலோவைப் பெருக்கினால் 3,300 கிலோவுக்கு மேல் வருகிறது. மொத்தப் பளு பிரச்சினை இல்லை, அது ஒரே இடத்தில் குவிவதுதான் பிரச்சினை. பீமை ஒட்டி, தூணுக்கு அருகில் வைத்தால் பளு தளத்தின் நடுவை வளைக்காமல் நேராக பீமுக்குப் போய்விடும். அறையின் நடுவில் வைத்தால் அதே பளு தளத்தைத் தொய்ய வைக்கும். இதைக் கணக்காகச் சரிபார்க்கக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் குடியிருப்பின் வரைபடத்தைக் கொடுத்தோம். வேறு வீட்டுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது. கம்பி துருப்பிடித்து சிமென்ட் உதிரும் பழைய கட்டடமாக இருந்திருந்தால் பதிலே வேறாக இருந்திருக்கும்.

இடம் பார்த்தது

தாயாருக்கு ஒரே ஆசை. தண்ணீர் ஈசான்ய மூலையில் இருக்க வேண்டும். ஹாலின் வடகிழக்கு மூலை காலியாகத்தான் இருந்தது. பார்க்கவும் அழகான இடம்.

அந்த மூலையில் நின்று தரையைப் பார்த்தபோது டைல்ஸின் கோடு ஓரிடத்தில் மாறியிருந்தது. பழைய உரிமையாளர் பால்கனியை அடைத்து ஹாலோடு சேர்த்திருந்தார். அந்த நாலடி அகலம் முழுக்க, தூணும் சுவரும் கீழே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். ஏற்கெனவே அதன் நுனியில் புதிதாக எழுப்பிய செங்கல் சுவரும் ஜன்னலும் உட்கார்ந்திருந்தன. அங்கே இன்னொரு 860 கிலோவைக் கொண்டுபோய் வைப்பதைப் பற்றிப் பேசவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம் அதன் மேல்பக்கக் கம்பிகளை நம்பித்தான் நிற்கிறது; அவை கைவிட்டால் தாங்கிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. பால்கனியைச் சேர்த்துக் கட்டிய ஹால்கள் சென்னையில் ஏராளம். பெயின்ட் அடித்து டைல்ஸ் போட்ட பிறகு எது வீடு, எது பால்கனி என்று கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் முதல் மாடி வீட்டில் அனுமதி கேட்டு அவர்கள் ஹாலின் மேற்கூரையைப் பார்த்தோம். நம் ஹாலின் வடக்குச் சுவருக்கு நேர் கீழே இரண்டு தூண்களுக்கு நடுவே பீம் ஓடியது. துருக்கறை இல்லை, விரிசல் இல்லை. பொறியாளர் அந்த இடத்தைத் தேர்ந்தார்: வடக்குச் சுவரை ஒட்டி, கிழக்குத் தூணிலிருந்து தொடங்கி ஆறடி. பால்கனிக் கோட்டுக்கு உள்ளேயே அது அடங்கியது.

தாயாரிடம் மகன்தான் பேசினார். "அம்மா, வடக்குச் சுவர், கிழக்குப் பாதி. மூலைக்கு நாலடி முன்னாடி நிக்கும், அவ்வளவுதான்." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கீழ் வீட்டுக் குழந்தைங்க தலைக்கு மேல எதுவும் ஆகக் கூடாது. நீங்க சொல்ற இடத்துலயே வைங்கப்பா" என்றார். அந்தச் சுவரில் டிவி யூனிட் வைக்கத் தச்சர் அளவெடுத்து வைத்திருந்தார். டிவி தெற்குச் சுவருக்குப் போனது.

கடைசியாக டைல்ஸ். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். இரண்டு டைல்ஸில் மட்டும் பொள்ளலான சத்தம். அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பழைய ஸ்டாண்டுக்கு ஆறு கால்கள். ஒவ்வொன்றின் கீழும் 140 கிலோவுக்கு மேல் இறங்கும். அப்படியே வைத்தால் அந்த டைல்ஸ் உடையும். ஆகவே ஸ்டாண்டின் அடியில், சுற்றிலும் நீள வாக்கிலும் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்துக் கால்களை இணைத்தார்கள். பொள்ளல் டைல்ஸ் இரண்டையும் பெயர்த்து மீண்டும் பதித்தார்கள்.

வழி பார்த்தது

எலக்ட்ரிக்கல் வேலைக்கு வாங்கும் பிவிசி பைப்பை வெட்டி, தொட்டியின் அளவிலேயே ஒரு வெற்றுக்கூடு செய்தோம். இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்து ஹால் வரை நடந்து பார்த்தார்கள். டேப் வைத்து அளந்தபோது போகும் என்று தோன்றிய ஓரிடம் கூட்டைத் தூக்கிப் போனபோது போகவில்லை. படிக்கட்டு திரும்பும் மேடையில், கைப்பிடிக்கு மேலே தூக்கினால்தான் கூடு திரும்பியது. கூட்டை ஒரு கையால் தூக்கலாம். 130 கிலோ கண்ணாடியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப்பிடித்தபடி, கால் மாற்ற இடமில்லாத மேடையில் நாலு பேர் திரும்ப முடியாது. பத்து ஆள் இருந்தாலும் அந்த மேடையில் நிற்க இடம் நாலு பேருக்குத்தான்.

லிஃப்ட் ஆறு பேருக்கானது, 408 கிலோ. தொட்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் அளவில் நுழையும், எடையும் தாங்கும். வீட்டுக்காரருக்கு இந்த வழிதான் பிடித்திருந்தது. கொளத்தூரிலிருந்து வந்த தொட்டி கட்டுபவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், நிக்க வச்சா மொத்த வெயிட்டும் சைடு கண்ணாடி ஒட்டு மேல வரும். ஒட்டு விட்டுச்சுன்னா இப்ப தெரியாது. தண்ணி ரொப்பி ஒரு மாசம் கழிச்சு நடுராத்திரியில தெரியும்." அவர் சொன்னது முற்றிலும் சரி. கண்ணாடித் தொட்டியைக் கெடுப்பது எடையைவிடத் திருகல்தான். தூக்கும்போது ஒரு மூலை மற்ற மூலைகளைவிட மேலே போனால்கூட, அந்த இழுப்பு முழுக்க சிலிகான் ஒட்டில்தான் போய் விழும். எட்டு வருட ஒட்டு வேறு. ஒரு மூலையில் சிலிகானுக்குள் வெள்ளையாகக் காற்றுக்குமிழ் வரிசை தெரிந்தது.

வெளிப்பக்கமாகக் கயிறோ கிரேனோ வைத்து ஜன்னல் வழியாக ஏற்றலாம் என்ற யோசனை, வாசலுக்கு மேலே ஓடும் மின்கம்பிகளைப் பார்த்ததும் கைவிடப்பட்டது.

எடுத்த முடிவு

தொட்டியைத் தொட்டியாகக் கொண்டுபோகவில்லை. பழைய வீட்டிலேயே ஒட்டைப் பிரித்து, கண்ணாடிகளைத் தனித்தனியாக மேலே ஏற்றி, நிற்கப் போகும் ஸ்டாண்டின் மேலேயே மறுபடி ஒட்டுவது. மிகப் பெரிய கண்ணாடி 6 அடிக்கு 2 அடி. எடை சுமார் 33 கிலோ. சக்ஷன் கப் பிடித்து இரண்டு பேர் படிக்கட்டில் சிரமமில்லாமல் ஏற்றிவிடலாம்.

இதற்கு விலையும் இருந்தது. புதிதாக ஒட்டிய சிலிகான் நன்றாக இறுக, தண்ணீர் ஊற்றும் முன் ஒரு வாரமாவது விட வேண்டும் என்றார் தொட்டி கட்டுபவர். அப்படியானால் பால் காய்ச்சும் நாளில் தொட்டி ஓடாது. மீன்களுக்கு இடைக்கால இருப்பிடம் வேண்டும். பழைய வீட்டை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க வேண்டும். பழைய வீட்டு ஓனர் அரை மாத வாடகைக்கு ஒத்துக்கொண்டார். பால் காய்ச்சிய அன்று ஈசான்ய மூலையில் பித்தளை உருளியில் தண்ணீர் வைத்துப் பூ மிதக்கவிட்டார் தாயார்.

சாமான்களைப் பிறகு கொண்டுவருவது என்றும் தீர்மானித்தோம். கண்ணாடிகளைப் பரப்பி வைத்துச் சுத்தம் செய்ய வெறும் ஹால் தேவைப்பட்டது. எட்டிப் போக இடமில்லாத அறையில் கண்ணாடி வேலை செய்வது ஆபத்து.

பிரித்ததும் ஒட்டியதும்

மீன்களை முதலில் 500 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். பழைய தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, அதே கேனிஸ்டர் ஃபில்டரை உடனே இணைத்தார்கள். மேலே வலை கட்டினார்கள். சில்வர் டாலர் மிரண்டால் துள்ளிவிடும். வலைவீசிப் பிடிக்கும்போதே ஒன்று கல்லில் மோதிக்கொண்டது.

மெல்லிய எஃகுக் கம்பியை ஒட்டுக்குள் விட்டு அறுப்பதுபோல இழுத்துக் கண்ணாடிகளைப் பிரித்தார்கள். ஒரு பக்கக் கண்ணாடியின் விளிம்பில், இதுவரை சிலிகான் மறைத்திருந்த இடத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டிவாங்கினோம். சில்லு விழுந்த விளிம்பிலிருந்துதான் விரிசல் ஓட ஆரம்பிக்கும்.

பழைய சிலிகானைச் சுரண்டியதில் அதிக நேரம் போனது. இறுகிய பழைய சிலிகான் மேல் புது சிலிகான் சரியாகப் பிடிக்காது. பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, வழுவழுப்பு தெரிந்த இடத்தை மறுபடி சுரண்டினார் தொட்டி கட்டுபவர். ஒட்டிய இரண்டு நாளும் ஹால் முழுக்கப் புளிக்காடி வாடை. ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாரம் முடியும்போது வாடை அறவே போயிருந்தது.

தண்ணீர் நிரப்பியது

இரண்டாம் மாடியில் 560 லிட்டர் ஒழுகினால் கீழ் வீட்டுக் கூரை நனையும். அதனால் மூன்று கட்டமாக நிரப்புவது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாள் விடுவது என்று வைத்துக்கொண்டோம். குழாய் மாட்டிய சின்ன மோட்டார் ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே போட்டு, மறுமுனையைக் குளியலறையில் விட்டு வைத்தோம். ஸ்டாண்டைச் சுற்றிச் செய்தித்தாள் விரித்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் கட்டத்தில் ஒழுகல் இல்லை, ஆனால் மட்டம் சரியில்லை. கண்ணாடியின் இரண்டு முனைகளிலும் தண்ணீர்க் கோட்டின் உயரத்தை அளந்தால் கிழக்குப் பக்கம் 5 மில்லிமீட்டர் அதிகம். ஹால் தரைக்குப் பழைய பால்கனியை நோக்கி லேசான வாட்டம் கொடுத்திருந்தார்கள், கழுவிவிட்டால் தண்ணீர் ஓட. காலி ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்தபோது இது கண்ணில் படவில்லை. ஆறடி நீளத்தில் 5 மில்லிமீட்டரை ஓரடி ரசமட்டம் சரியாகக் காட்டாது. தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, ஸ்டாண்டுக்கும் தரைக்கும் இடையே இரும்புத் தகடுகளைச் செருகி மட்டப்படுத்தினார்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் செருகவில்லை. அங்கே விரித்திருக்கும் தெர்மாகோல் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தகடு வைத்தால் கண்ணாடியின் முழுப் பளுவும் அந்த ஒரு புள்ளியில் உட்காரும்.

மறுபடி நிரப்பியபோது கோடு நேராக நின்றது.

மீன்களைக் கொண்டுவந்தது

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தினார்கள். பயணத்தில் கழிவு குறையும். விடியற்காலையில், வண்ண மீன் கடையிலிருந்து வந்தவர் ஒவ்வோர் ஆஸ்கரையும் தனித்தனி இரட்டைப் பையில் விட்டு ஆக்சிஜன் அடைத்துக் கட்டினார்.

மீனைவிட ஃபில்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, ஃபில்டருக்குள் இருக்கும் பீங்கான் வளையங்களிலும் பஞ்சிலும்தான் பெரும்பாலும் குடியிருக்கிறது. தண்ணீரில் இருப்பது கொஞ்சம்தான். கேனிஸ்டரை மூடியபடி தண்ணீர் ஓட்டமில்லாமல் சில மணி நேரம் வைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அது செத்துப்போகலாம். எனவே வளையங்களைத் திறந்த வாளியில், பழைய தொட்டித் தண்ணீரில் போட்டு, பேட்டரி ஏர் பம்ப் ஓடவிட்டுக் கொண்டுவந்தார்கள். குழாய்த் தண்ணீரில் அலசவில்லை. குளோரின் பட்டாலும் அதே கதிதான்.

பழைய வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். புது வீட்டில் மெட்ரோ வாட்டர். குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்ஃபேட் முந்தின நாளே போட்டிருந்தார்கள். தண்ணீரின் தன்மை திடீரென்று மாறக் கூடாதென்று பழைய தண்ணீரைக் கேன்களில் கொண்டுவந்து கலந்தார்கள். பையைத் திறந்த பிறகு மீனை அதே பைத் தண்ணீரில் நெடுநேரம் வைத்திருக்கவில்லை. கட்டிய பையில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீர் அமிலமாக இருக்கும்வரை அம்மோனியா அவ்வளவு கெடுதல் செய்யாது. திறந்ததும் அந்த வாயு வெளியேறும், அம்மோனியா விஷமாகும்.

பின்னர் நடந்தது

ஆஸ்கர் மூன்றும் நிறம் கறுத்து, தரையில் சாய்ந்து படுத்துக்கொண்டன. அவை செத்துவிட்டன என்றே நினைத்துத் தாயார் அழுதுவிட்டார். இடம் மாறினால் ஆஸ்கர் இப்படிச் சுணங்குவது உண்டு. விளக்கைப் போடாமல், முன்பக்கக் கண்ணாடியில் காகிதம் ஒட்டி விட்டுவைத்தார்கள். நாலாம் நாள் ஒன்று எழுந்து தீனி எடுத்தது.

அதே நாலாம் நாள் சோதனையில் அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராம் காட்டியது. எவ்வளவு கவனமாக இருந்தும் பாக்டீரியாவில் ஒரு பங்கு போயிருக்கிறது. தீனியைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால்பங்குத் தண்ணீர் மாற்றினார்கள். இரண்டாம் வாரக் கடைசியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. கல்லில் மோதிய சில்வர் டாலருக்கு அந்தக் காயத்தில் பூஞ்சை பிடித்து, அதற்குள் அது இறந்துபோயிருந்தது. மற்ற எல்லாம் பிழைத்தன.

நிரப்புவதற்கு முன் கீழ் வீட்டு பீமையும் கூரையையும் படமெடுத்து வைத்திருந்தோம். மூன்று மாதம் கழித்து அதே கோணத்தில் எடுத்த படங்களில் புதிய கோடு எதுவும் இல்லை. தொட்டி ஒழுகவில்லை.

மறுமுறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வீடு வாங்கும் முன்பே பிவிசி கூட்டோடு வழியைப் பார்த்திருந்தால், அரை மாத வாடகையும் தச்சர் வேலையில் ஏற்பட்ட குழப்பமும் மிச்சமாகியிருக்கும். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் வீடு பார்க்கும்போது படிக்கட்டு மேடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சில்வர் டாலரை வலையால் துரத்தியது தேவையில்லாதது. முதலில் கற்களை எடுத்துவிட்டு, தண்ணீரைச் சாண் அளவுக்கு இறக்கி, இருட்டில் டப்பாவால் மொண்டிருந்தால் அது அடிபட்டிருக்காது. மட்டம் பார்ப்பதற்கு ரசமட்டத்தை நம்பாமல் கொத்தனார் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் பார்த்திருந்தால், ஒருமுறை நிரப்பி இறைத்த வேலை இருந்திருக்காது.

மின் இணைப்பு கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. தொட்டிக்கென்று தனி இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கரும் தச்சர் வேலைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இப்போது ஒயர் சுவரின் மேல் ஓடுகிறது. பிளக்குக்குக் கீழே ஒயரைத் தொங்கலாக விட்டிருக்கிறார்கள், வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும்.

ஒவ்வொரு கண்ணாடியின் அளவையும் தடிமனையும், ஒட்டிய தேதியையும், எடைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து ஸ்டாண்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டியாயிற்று. பொறியாளர் குறித்துக் கொடுத்த இடத்தின் வரைபடமும் அதிலேயே இருக்கிறது. நகல் ஒன்று கீழ் வீட்டாரிடம், ஒன்று குடியிருப்புச் சங்கத்தில்.